மீன் பெயர்ப் பட்டியலைத் தமிழுக்கு மாற்றினால் எந்தெந்த மென்பொருள் அடிபடும் என்று ஏஐ முன்கூட்டியே சொல்லுமா?

கேள்வியின் சாரம்: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனி. கரையில் எடை போடும் கணினிகள், ஏலக் கணக்கு, ஐஸ் பில், குளிர்க்கிடங்கு வெப்பநிலை, பெட்டி லேபிள், படகுக்காரருக்குப் போகும் எஸ்எம்எஸ், ஏற்றுமதி ஆவணம் என்று ஏழு மென்பொருள், எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று தரவு எடுப்பவை. மீன் பெயர்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றவேண்டும். எங்கே உடையும் என்று ஏஐ கணிக்குமா?

கணிக்கும். ஆனால் நீங்கள் அதன் கண்ணில் காட்டிய இணைப்புகளுக்குள் மட்டும்தான். எந்த மாடலை வாங்கலாம் என்று அலைவதற்கு முன், உழைப்பில் பெரும்பங்கை இணைப்பு வரைபடத்தில் போடுங்கள்.

ஒவ்வொரு அட்டவணை, கோப்பு, ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்கும் வழி), இரவில் தானாக ஓடும் ஜாப், எல்லாம் தனித்தனிப் புள்ளி. யார் யாரிடமிருந்து எதை எடுக்கிறார் என்பது கோடு. 'எடை மென்பொருள்' என்று மொத்தமாக ஒரே புள்ளி வைத்துவிடாதீர்கள். ஆறு கணினி இருந்தால் ஆறு புள்ளி, ஒவ்வொன்றிலும் ஓடும் பதிப்பு எண்ணோடு. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் புதிய நிரல் போகவில்லை. பழைய நிரலை எழுப்பும் குறியீட்டையே புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்ததால், அந்த ஒரு சர்வர் தப்பான பங்கு ஆர்டர்களைக் கொட்டியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். மென்பொருளின் பெயரை மட்டும் எழுதிய வரைபடத்தில் இந்த ஆபத்து தெரியவே தெரியாது.

கோடுகளை இரண்டு வழியில் எடுக்கவேண்டும். நிரலிலும் அமைப்புக் கோப்புகளிலும் எழுதியிருப்பது ஒன்று. உண்மையில் ஓடும்போது நடப்பது இன்னொன்று. டேட்டாபேஸ் வினவல் பதிவு, ஃபயர்வால் இணைப்புப் பதிவு, ஓப்பன்டெலிமெட்ரி (ஒரு கோரிக்கை எந்தெந்த மென்பொருள் வழியாகப் போகிறது என்று பதியும் கருவி) தடங்கள் இவை காட்டும். பதிவே விழாத கோடுகளும் உண்டு. கணக்கர் சனிக்கிழமை பென் டிரைவில் எடுத்துப்போகும் எக்செல், வாட்ஸ்அப்பில் போகும் ஐஸ் பில். இவற்றை ஆட்களிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் வாங்கமுடியும். ஒரே யுபிஎஸ், ஒரே இணைய லைன் என்று பொதுவாக இருப்பவற்றையும் கோடாகப் போடுங்கள்.

நம் கரையில் இன்னொரு பெரிய கண்ணி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்; விசைப்படகு போகாது. வேலை குறைவு என்று அப்போதுதான் பலரும் பதிவு எடுக்க ஆரம்பிக்கிறார்கள். நாட்டுப்படகு மீன் வந்துகொண்டிருப்பதால் பதிவு காலியாகவும் இருக்காது; எல்லாம் ஓடுவது போலவே தோன்றும். ஆனால் விசைப்படகு இறால், கணவாய்க்கான தரம் பிரிப்பு, பெரிய பெட்டி லேபிள், இரவு ஜாப் ஆகிய கோடுகள் அந்தப் பதிவில் இருக்காது. அதைப் படித்த ஏஐ 'பாதிப்பு இல்லை' என்று தெளிவாகச் சொல்லும். விசைப்படகு கரை திரும்பும் முதல் காலையில் எல்லாம் படுக்கும். பதிவை பிப்ரவரி, மார்ச்சில் எடுங்கள். அதுவும் குறைந்தது ஒரு மாத முடிவுக் கணக்கு உள்ளே வரும்படி. தடைக்காலத்தை மாற்றம் செய்யவும், எடுத்துவைத்த பதிவைத் திரும்ப ஓட்டிச் சோதிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மாற்றத்துக்கு வருவோம். 'நீலக்கால் நண்டு' என்பது கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இடைவெளியோடு 15 குறி. அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவில் 43 பைட். நீளத்தைப் பைட்டில் அளந்து 20 என்று வைத்த அட்டவணைப் பத்தி (column) இதை ஏற்காது. பிழை வரும் அல்லது வெட்டுப்படும். லேபிள் பிரிண்டரின் உள்ளிருக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். எஸ்எம்எஸ்ஸில் ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலே ஒரு செய்திக்கான அளவு 160 குறியிலிருந்து 70-க்கு இறங்கும். ஒன்றாகப் போனது இரண்டாகவோ மூன்றாகவோ உடைந்து செலவு ஏறும். அதோடு டிஎல்டி-யில் (நிறுவனங்கள் தங்கள் எஸ்எம்எஸ் வாசகங்களை முன்கூட்டியே பதியும் தளம்) பதிவுசெய்த வார்ப்புக்குப் பொருந்தாத செய்தியைத் தொலைபேசி நிறுவனம் தடுத்துவிடும். ஆனால் எஸ்எம்எஸ் கேட்வே (உங்களிடம் செய்தியை வாங்கி அனுப்பும் இடைச் சேவை) முதலில் 'வாங்கிக்கொண்டேன்' என்றுதான் பதில் தரும். உங்கள் பதிவில் வெற்றி, படகுக்காரர் கையில் ஒன்றுமில்லை.

இன்னும் நுணுக்கமானது 'கொடுவா'. இதிலுள்ள 'ொ' ஒரே குறியாகவும் வரலாம், 'ெ', 'ா' என இரண்டு குறியாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு மீன். ஏலக் கணக்கு பெயரை வைத்து இணைத்தால் மாத அறிக்கையில் கொடுவா இரண்டு வரியாகப் பிரியும். உள்ளே வரும் எல்லாப் பெயரையும் என்எஃப்சி (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள்.

இந்த வகைச் சிக்கலைத் தேடுவதில் மொழி மாடல்கள் உண்மையிலேயே கெட்டி. ஆனால் மொத்த நிரலையும் கொட்டினால் 'எல்லாமே பாதிக்கலாம்' என்று நீளப் பட்டியல்தான் வரும். மாறும் வரிகள், அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு தாவலுக்குள் இருக்கும் கோடுகள், அந்த அட்டவணைகளின் அமைப்பு, பழைய சிக்கல் குறிப்புகள், இவ்வளவு போதும். படகு உரிமையாளரின் வங்கிக் கணக்கு, ஆதார், கடவுச்சொல் எதுவும் போகக்கூடாது. பதிலில் நான்கு விஷயம் கேளுங்கள்: எந்தப் புள்ளி, எந்தக் கோட்டின் வழியாக, எப்படி உடையும், எப்படிச் சோதிப்பது. அது சொன்ன கோடு வரைபடத்தில் இருக்கிறதா என்பதை ஒரு சிறிய நிரல் சரிபார்க்கட்டும். இல்லாத கோட்டை மாடல் கற்பனை செய்வது சாதாரணம். கோடு காட்டாத பதிலை 'ஊகம்' என்று ஒதுக்கிவையுங்கள், அழிக்காதீர்கள். நீங்கள் வரைய மறந்த கோடு பல நேரம் அங்கேதான் கிடைக்கும்.

பழைய மாற்றங்களை வைத்து சொந்தமாக மாடல் பயிற்றுவிக்க ஆசைப்பட வேண்டாம். அதற்குப் பல நூறு மாற்றப் பதிவுகள் தேவை. உங்கள் அளவுக் கம்பெனியில் அவ்வளவு சேராது. அவ்வளவு சேர்ந்தாலும் துல்லிய எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. நூறு மாற்றத்தில் நான்குதான் சிக்கலாகிறது என்றால், எதைக் கேட்டாலும் 'சிக்கல் வராது' என்கிற மாடல்கூட 96 சதவீதம் சரி. அந்த நான்கில் எத்தனையைப் பிடித்தது என்பதே கணக்கு. முடிந்துபோன இருபது மாற்றங்களை, விளைவை மறைத்து, மாடலிடம் கொடுத்துப் பாருங்கள். அன்றைய தேதிக்குப் பின் எழுதிய எந்தக் குறிப்பும் உள்ளே கலந்துவிடக் கூடாது.

என் பரிந்துரை: ஆங்கிலப் பெயரை அழிக்காதீர்கள். மீனுக்கு ஒரு குறியெண் வைத்து அதையே எல்லா இணைப்புக்கும் சாவியாக்குங்கள். தமிழ்ப் பெயர் புதிய பத்தியாகச் சேரட்டும். ஏற்றுமதி ஆவணத்துக்கு ஆங்கிலப் பெயரும் அறிவியல் பெயரும் எப்படியும் வேண்டும். முதலில் ஒரே ஒரு எடை கணினியில் இரண்டு நாள் வரத்துக்கு ஓட்டுங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு டெலிவரி ரிப்போர்ட் வரும்வரை காத்திருந்து பாருங்கள். ஏஐ சொல்லாமல் எங்காவது உடைந்தால், சரிசெய்த கையோடு அந்தக் கோட்டை அன்றைக்கே வரைபடத்தில் ஏற்றிவிடுங்கள்.