ரீச்சரிடம் கேளுங்கள்: இந்த மாதம் முழுக்க ‘லைன்’

போன இதழில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் ஒரு பொல்லாத சொல் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதத்துக்கு மேல் கடிதம். சரி, இந்த மாதப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிடுவோம். மற்றக் கேள்விகள் அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.

ரீச்சர், அகராதியில் ‘லைன்’ என்ற சொல்லுக்குக் கோடு, வரிசை, கயிறு, வம்சம், தொழில் என்று அர்த்தம் போய்க்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும் பாடமாக்க வேணுமா?
– உயர்தர மாணவி, முழங்காவில்

வேண்டாம் பிள்ளை. பாடமாக்கினது பரீட்சை மண்டப வாசலிலேயே பாதி போய்விடும். ‘லைன்’ பெரிய குடும்பம்தான், ஆனால் இதைவிடப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் 1989 பதிப்பில் ஆக நீளமான பதிவு ‘செற்’. இப்போது திருத்திக்கொண்டு வரும் பதிப்பில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தம். அந்த அகராதியைத் தொகுக்கிறவர்களே அதைப் பாடமாக்கியிருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். சொல் எங்கே பிறந்தது என்று பார். லத்தீனில் ‘லீனம்’ என்றால் ஆளிச் செடி. ஆளி விதை என்று கடையில் விற்கிறார்களே, அதே ஆளி. அதன் தண்டில் நார் எடுத்துத் திரித்த நூல்தான் ‘லீனியா’. லினன் துணியும் கிரிக்கெற் மட்டைக்குப் பூசுகிற லின்சீட் எண்ணெயும் அந்தச் செடி தந்தவைதான். ஆக, ‘லைன்’ பிறக்கும்போது கோடு இல்லை, நூல்.

இனி மேசன் வேலை நடக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று பார். வீட்டுத்திட்ட வீடுகள் கட்டின காலத்தில் எங்கள் ஒழுங்கையில் இதைத்தான் நான் வேடிக்கை பார்த்தேன். இரண்டு மூலையிலும் ஆணி அடித்து, நைலோன் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, நடுவில் விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். நூல் அதிர்ந்து அடங்கின பிறகுதான் அதன் ஓரத்தில் முதல் கல்லை வைப்பார். அந்த நூலும் லைன், அது காட்டுகிற நேரும் லைன், அதன் ஓரமாக நிற்கிற கல் வரிசையும் லைன். பாதி அகராதி அந்தச் சுவரிலேயே இருக்கிறது.

மிச்சப் பாதிக்கு அந்த நூலை நீட்டிக்கொண்டே போ. ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இடையில் இழுத்தால் ரயில் லைன், ரெலிபோன் லைன், கப்பல் லைன், எயார்லைன். தகப்பன், மகன், பேரன் என்று காலத்துக்குள் இழுத்தால் வம்சம். பண்டாரவன்னியனை ‘த லாஸ்ட் ஒஃப் ஹிஸ் லைன்’ என்று எழுதினால், அந்தக் கால்வழியில் கடைசி ஆள் என்று அர்த்தம். கடதாசியில் இழுத்தால் எழுத்தின் வரி. அதனால்தான் ‘ட்ரொப் மீ எ லைன்’ என்றால் எனக்கு இரண்டு வரி எழுதிப் போடு என்று பொருள். ஒருவர் போகிற திசையில் இழுத்தால் தொழில். ‘அவர் எந்த லைன்ல இருக்கிறார்?’ என்று கலியாணப் பேச்சில் நாங்கள் கேட்பதை ஆங்கிலத்திலும் அப்படியே கேட்கலாம்.

தமிழ் படித்த பிள்ளைக்கு இது புதினமாக இருக்கக்கூடாது. நூல் என்றால் எங்களுக்குத் திரித்த நூலும்தான், எழுதின நூலும்தான். மரத்தின் வளைவைத் தச்சனின் நூல் தீர்ப்பது போல மனிதரின் மனக்கோணலை எழுதின நூல் தீர்க்கும் என்று நன்னூலில் பவணந்தியார் சொல்கிறார்.

பிளவுசுக்கு ‘லைனிங்’ வைக்கிறோமே ரீச்சர், அதில் எங்கே கோடு இருக்கிறது?
– தையல் வேலை செய்பவர், மல்லாவி

கோடு இல்லை. மேலே சொன்ன ஆளிதான் இங்கேயும். முன்னொரு காலத்தில் ஐரோப்பாவில் சட்டைக்கு உட்புறமாக லினன் துணி வைத்துத் தைத்தார்கள். அப்படி வைப்பதை ‘லைன்’ பண்ணுவது என்றார்கள். இப்போது வைப்பது பருத்தியாக இருந்தாலும் பொலியெஸ்டராக இருந்தாலும் பெயர் மாறவில்லை. குடலின் உட்சுவரைக் கூட டொக்டர்மார் லைனிங் என்றுதான் சொல்கிறார்கள்.

என் அம்மம்மா பதுளைப் பக்கம் ‘லயன்’ வீட்டில் பிறந்தவ. வகுப்பில் ஒருவன், லயன் எண்டால் சிங்கம்தானே, சிங்கக் கூட்டில இருந்தோ வந்தனீங்கள் என்று பகிடி பண்ணுகிறான். அவனுக்கு என்ன சொல்ல?
– 10ஆம் வகுப்பு மாணவி, பாரதிபுரம், கிளிநொச்சி

அவனுக்கு முதலில் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடு. சிங்கத்துக்கு எல்-ஐ-ஓ-என். உன் அம்மம்மா பிறந்த வீட்டுக்கு எல்-ஐ-என்-ஈ. ஆங்கிலத்து ‘லைன்’ மலையகத்தில் நாவில் புரண்டு லயன் ஆனது, லயம் என்றும் ஆனது.

வரிசையாக ஒட்டிக் கட்டின படைக் குடியிருப்புகளை வெள்ளைக்காரர் ‘லைன்ஸ்’ என்று சொல்வார்கள். தோட்டத் தொழிலாளருக்குக் கட்டினதற்கும் அதே பெயரை வைத்தார்கள். ஒரு நீட்டுக் கூரை, கீழே பக்கம் பக்கமாகக் காம்பராக்கள். ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதற்குள் ஒரு குடும்பம். ஒரு வீட்டில் பிள்ளை இருமினால் அடுத்த வீட்டில் நித்திரை குழம்பும். சொல் படைமுகாமிலிருந்து வந்தது, கட்டினவர்களின் யோசனையும் அங்கிருந்துதான் வந்தது என்பது என் அபிப்பிராயம்.

1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு அந்தக் காம்பராக்களை விட்டு வன்னிக்கு வந்தவர்கள் காடு வெட்டி, கிணறு கிண்டி, இந்த ஊர்களை ஆக்கினார்கள். உன் அம்மம்மாவைக் கேள், அவ நன்றாகச் சொல்லுவா. அந்தப் பெடியனையும் கூட்டிக்கொண்டு போ. தேத்தண்ணி குடித்துவிட்டுக் கேட்கட்டும்.

‘ஹொட்லைன்’ என்கிறார்களே, அது என்ன சூடான கம்பியா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், பரந்தன்

ஐயா, பகிடிக்குத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. இடையில் வேறு யாரும் புகாமல் நேரே இணைக்கிற தொடர்பு அது. ஆகப் பிரபலமானது 1963 இல் வாஷிங்டனுக்கும் மொஸ்கோவுக்கும் இடையில் போட்டது. அதற்கு முந்தைய வருடம் கியூபா ஏவுகணை நெருக்கடியில், தலைவர்களின் செய்தி போய்ச் சேரவே மணிக்கணக்கில் பிந்தி, உலகம் தப்பினது அருந்தப்பு. படங்களில் காட்டுவது போல அது சிவப்பு ரெலிபோன் இல்லை. தட்டச்சில் செய்தி அனுப்புகிற ரெலிபிரின்ரர். உங்கள் பழைய வேலைக்குக் கிட்டின சாமான்.

எனக்கு ‘லைன்’ என்றால் ஞாபகம் வருவது வவுனியாவில் கொமினிகேஷன் கடைகளின் வாங்கில் காத்திருந்ததுதான். லைன் கிடைத்தால் கதைக்க ஆயிரம் இருக்கும். கிடைத்தவுடன் எல்லாரும் கேட்பது ‘சாப்பிட்டாச்சோ?’

எங்கள் அலுவலகத்தில் எதற்கெடுத்தாலும் ‘டெட்லைன்’. ஒரு அறிக்கையைப் பிந்திக் கொடுத்தால் யார் சாகப்போகிறார்கள்?
– திட்ட உத்தியோகத்தர், ஒட்டுசுட்டான்

இப்போது யாரும் சாவதில்லை. அந்தச் சொல்லைப் பெயராக்கினவர்கள் சாக வைத்தார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 இல், ஜோர்ஜியா மாநிலத்தில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் தெற்குப் படை ஒரு கைதிகள் முகாம் திறந்தது. வெளியே உயரமான மரச்சுவர். அதற்கு உட்புறமாகச் சுமார் 19 அடி தள்ளி ஒரு சின்ன வேலி, கட்டைகளுக்கு மேலே ஒரு சட்டம் போட்டது மட்டும்தான். ஒருவன் நினைத்தால் காலைத் தூக்கி வைத்துக் கடந்துவிடலாம். கடந்தால், சுவரின் மேல் காவலில் நிற்கிறவன் சுடுவான். எச்சரிக்கை கிடையாது. அந்த வேலிதான் ‘டெட்லைன்’. அந்த முகாமில் ஏறத்தாழ 45,000 பேர் அடைக்கப்பட்டார்கள். 13,000 பேரளவில் செத்தார்கள், பெரும்பாலும் பசியாலும் வயிற்றோட்டம் போன்ற நோய்களாலும். முகாமுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியை 1865 இல் தூக்கிலிட்டார்கள்.

பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்து, செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரத்துக்குச் சூட்டினார்கள். வேலி போய் மணிக்கூடு வந்தது. முள்ளுக்கம்பிக்கு உள்ளே நின்று வெளியே பார்த்த சனத்துக்கு இந்தச் சொல்லின் பழைய அர்த்தம் சட்டென்று விளங்கும். அதனால் அலுவலகத்தில் யாராவது அந்தச் சொல்லை அதட்டிச் சொல்லும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ‘கடைசித் திகதி’ என்று சொன்னால் என்ன குறைந்துபோகும்?

‘லைன்’ என்றால் எங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. அது அகராதியில் இருக்கிறதா, ரீச்சர்?
– வாசகர், புதுக்குடியிருப்பு

இருக்கிறது. படை நிற்கிற முன்வரிசையை ஆங்கிலத்தில் ‘லைன்’ என்று தனியாகவே சொல்வார்கள், விளக்கமாகச் சொன்னால் ‘ஃபிரண்ட் லைன்’. ‘ஹோல்ட் த லைன்’ என்றால் ரெலிபோனில் கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம், போர்க்களத்தில் பின்வாங்காதே என்று அர்த்தம்.

அந்த நாட்களில் ஒரு வகுப்பில் ‘லைன்’ வைத்து வசனம் எழுதக் கேட்டேன். பலர் கோடு கீறினார்கள். ஒருத்தி உடுப்புக் காயப்போடுகிற கொடியை எழுதினாள், அது நல்ல வசனம். பின்வாங்கில் இருந்த ஒருவன் ‘மை பிறதர் இஸ் இன் த லைன்’ என்று எழுதியிருந்தான். வேறு ஊரில் வேறு ஆசிரியர் பார்த்தால், அண்ணன் எங்கே கியூவில் நிற்கிறான் என்று கேட்டிருப்பார். நான் சரி போட்டேன். ‘லைன்’ என்பதற்கு முன்னால் சிவப்பு மையால் ‘ஃபிரண்ட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டேன். அவன் கொப்பியை வாங்கிப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

அதே காலத்தில் ரயில் லைனும் அந்த லைனுக்குப் போய்விட்டது. 1990 இல் வடக்கு ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்கு மேலே ஏறின. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்தபோது, அதன் கீழே கிடந்தது முழுக்கப் புதுத் தண்டவாளம்.

2022 இல் பெற்றோலுக்கு நாங்கள் நின்றது லைனா, கியூவா?
– ஓட்டோச் சாரதி, மாங்குளம்

பிரித்தானியர் கியூ என்பார்கள், அமெரிக்கர் லைன் என்பார்கள். இரண்டும் சரி. கியூஆர் அட்டை வந்த பிறகும் நீங்கள் நின்றது இரண்டிலும்.

‘யூ கிறொஸ்ட் த லைன்’ என்று பேரன் ஏதோ படம் பார்த்துவிட்டு எனக்கே சொல்கிறான். என்னவாம்?
– விவசாயி, இரணைமடுக் குளத்தின் கீழ்

வரம்பு மீறிவிட்டீர்களாம், ஐயா! அவர்கள் கோட்டை வைத்துச் சொல்வதை நாங்கள் வயலை வைத்துச் சொல்கிறோம். ‘ட்ரோ த லைன்’ என்றால் இவ்வளவும்தான் என்று வரம்பு கட்டுவது. பேரன் அடுத்ததாக ‘டோ த லைன்’ என்றும் சொல்லக்கூடும், சொன்னபடி கேட்டு நட என்று அர்த்தம். ஓட்டப்போட்டியில் கால்விரலைக் கோட்டில் வைத்து நிற்பது போல. இந்த ‘டோ’ கால்விரல். டிராக்டருக்குக் கயிறு கட்டி இழுக்கிற ‘டோ’ வேறு. இங்கிலிஷ் பத்திரிகைகளிலேயே இதைப் பிழையாக எழுதுகிறார்கள். வரம்பு மீறினது பேரன்தான் என்றால், அவனை ஒரு போகம் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கால்பந்தில் கொடியோடு ஓடுகிறவரை ‘லைன்ஸ்மேன்’ என்று சொல்லக்கூடாது என்கிறார்கள். உண்மையா?
– விளையாட்டுக் கழக உறுப்பினர், முள்ளியவளை

உண்மை. 1996 இலிருந்து பீஃபாவின் விதிப்படி அவர் உதவி நடுவர். பெண்களும் கொடி பிடிக்கத் தொடங்கின பிறகு ‘மேன்’ பொருந்தவில்லை. மைதானத்தில் நீங்கள் என்ன சொல்லித் திட்டுகிறீர்கள் என்பது வேறு விஷயம். கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவர் இன்னும் லைன்மேன்தான். அவரைத் திட்டாதீர்கள், இருட்டில் இருக்க வேண்டி வரும்.

‘லைன் அடிக்கிறது’ என்பதை இங்கிலிஷில் எப்படிச் சொல்வது? ஒரு நண்பனுக்காகக் கேட்கிறேன்.
– பெயர் வேண்டாம், வவுனியா

நண்பனுக்குச் சொல், தம்பி: அது எங்கள் ஆட்கள் செய்த அர்த்தம். அதை அப்படியே மொழிபெயர்த்தால் ஏதோ கம்பிக்கு அடிக்கிறாய் என்று நினைப்பார்கள். அவர்களின் சொல் ‘ஃபிளேர்ட்’. பெண்பிள்ளையிடம் கதை தொடங்குவதற்கென்று தயார் பண்ணி வைத்திருக்கிற வசனத்தை ‘பிக்-அப் லைன்’ என்பார்கள். கடிதத்தின் பின்பக்கத்தில் அப்படி ஒன்றை எழுதி, சரியா என்று கேட்டிருக்கிறாய். இலக்கணம் சரி. ‘பியூட்டிஃபுல்’ என்பதில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது, கொடுக்க முதல் நண்பனைத் திருத்தச் சொல்.