பட்டறைக் கேள்விகள்: கோடு போட்டுப் பார்ப்போம்

மேடம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆல்ட்டருக்கு, அதாவது குறை சரிசெய்ய, திரும்பும் பீஸ் கூடிக்கொண்டே போகிறது. முதலாளி டெய்லர்களைத் திட்டுகிறார். டெய்லர்கள் துணி சரியில்லை என்கிறார்கள். நிட்டிங்காரர் எங்கள் ஊசியைக் குறை சொல்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும், அதனால்தான் சண்டை தீருவதில்லை. ஒரு வாரம் யாரிடமும் காரணம் கேட்காதீர்கள். செக்கிங் டேபிளில் ஒரு அட்டை வையுங்கள். இடப்பக்கம் குறைகளின் பெயர், மேலே மெஷின் நம்பர். பீஸை ஒதுக்கும் அந்த நொடியிலேயே ஒரு கோடு. நாலு நிமிர்ந்த கோடு, ஐந்தாவது குறுக்கே. சாயங்காலம் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் அது கணக்கே இல்லை.

அட்டையின் பின்பக்கம் டி-சர்ட் படம் வரையுங்கள், முன்னும் பின்னும். குறை எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே ஒரு புள்ளி. முப்பது வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட மலிவான, இதைவிடக் கெட்டிக்காரத் தாள் கிடையாது. ஆயில் கறைப் புள்ளிகள் உடம்பு முழுக்கச் சிதறிக் கிடந்தால் துணி எங்கெங்கே போய் வந்தது என்று தேட வேண்டும். கீழ் மடிப்பு ஓரமாகவே வரிசை கட்டி நின்றால், அந்த மடிப்பு அடிக்கும் பிளாட்லாக் மெஷினுக்கு நேராகப் போய் ஊசி பார் பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஓட்டைகள் தையலை ஒட்டியே இருக்கின்றனவா? அப்போது ஊசியைக் கழற்றி முனையைப் பாருங்கள். பனியன் துணிக்கு முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசிதான் சரி. அது நூலை ஒதுக்கிக்கொண்டு இறங்கும். முனை அடிபட்ட ஊசி நூலை அறுத்துவிடும். அந்த ஓட்டை துவைத்த பிறகுதான் வாயைத் திறக்கும், அதாவது பணம் கொடுத்து வாங்கியவர் வீட்டில்.

வாரக் கடைசியில் கோடுகளை எண்ணி, பெரியதிலிருந்து சிறியதாகப் பட்டை வரையுங்கள். பேரேட்டோ படம் என்பது இவ்வளவுதான். பேரேட்டோ என்பவர் இத்தாலியப் பொருளாதார அறிஞர். அவர் பெயரைத் தரக்கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தவர் ஜோசப் ஜுரான். உதாரணத்துக்கு 200 குறையில் ஆயில் கறை 84, தையல் விட்டது 52, ஓட்டை 26, மீதி சில்லறை என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்றே 81 சதவீதம். பயிற்சி வகுப்பில் இதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் அதே படத்தை ரூபாயில் இன்னொரு தடவை வரையுங்கள். கறையை ஸ்பாட் கன் (கறை நீக்கும் மருந்தைப் பீச்சும் துப்பாக்கி) வைத்து எடுத்துவிடலாம். பீஸுக்கு 5 ரூபாய் என்றால் 420 ரூபாய். ஓட்டை விழுந்த பீஸ் செகண்ட்ஸுக்குத்தான், அதாவது குறைந்த விலைக்குத்தான் போகும். 150 ரூபாய் நஷ்டம் என்றாலே 3,900 வந்துவிடுகிறது. மூன்றாவதாக நின்றது முதலிடத்துக்கு வந்துவிட்டது பாருங்கள். முதலாளியிடம் இரண்டாவது படத்தை முதலில் காட்டுங்கள்.

கோவை கணபதியில் சின்ன சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன். 25 எச்7 போர், அதாவது 25 மி.மீ. துளை (எச்7 என்பது அளவு எவ்வளவு மாறலாம் என்ற குறி) உள்ள புஷ் ஓட்டுகிறோம். ஒவ்வொரு பீஸையும் அளந்து, வித்தியாசம் வந்தால் உடனே ஆஃப்செட் (டூலை நகர்த்த மெஷினில் கொடுக்கும் எண்) திருத்துகிறான் பையன். நல்ல அக்கறையான பையன்தான். ஆனாலும் ரிஜெக்‌ஷன் குறையவில்லை. கஸ்டமர் வேறு கன்ட்ரோல் சார்ட் கேட்கிறார்.

அந்த அக்கறைதான் சிக்கலே. மெஷின் ஒழுங்காக ஓடும்போதும் ஒரு பீஸ் போல இன்னொன்று வராது. அந்த இயல்பான ஆட்டத்தைத் தவறு என்று நினைத்து ஒவ்வொரு பீஸுக்கும் முழு வித்தியாசத்தையும் திருத்தினால், பரவல் சுமார் 40 சதவீதம் கூடும். அமெரிக்கத் தர நிபுணர் டெமிங் ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்து வகுப்புகளில் இதைத்தான் காட்டுவார்.

எந்த ஆட்டம் இயல்பு, எதற்கு மெஷினைத் தொட வேண்டும் என்று பிரித்துச் சொல்வதுதான் கன்ட்ரோல் சார்ட். அமெரிக்காவில் டெலிபோன் சாதனம் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் 1924 மே 16 அன்று மேலதிகாரிக்கு எழுதிய ஒரு பக்கக் குறிப்பில் பிறந்தது அது. ஒரு பக்கம்தான், நம் ஆடிட் ஃபைல்களைப் பார்த்தால் மனிதர் மயங்கி விழுந்திருப்பார்.

பையனிடம் ஆஃப்செட்டைத் தொடாமல் ஓட்டச் சொல்லுங்கள். மணிக்கு ஒருதரம் அடுத்தடுத்து வரும் ஐந்து பீஸை அளந்து, சராசரியையும், பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தையும் குறியுங்கள். இருபது, இருபத்தைந்து தடவை சேர்ந்ததும் கணக்குப் போடலாம். மொத்தச் சராசரி 25.010 மி.மீ., சராசரி வித்தியாசம் 0.010 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பீஸ் சாம்பிளுக்கு அட்டவணையில் உள்ள 0.58 என்ற எண்ணால் அந்த வித்தியாசத்தைப் பெருக்கிக் கூட்டிக் கழித்தால் எல்லைக்கோடுகள்: 25.004, 25.016. இரண்டுக்கும் நடுவே புள்ளிகள் மேலும் கீழுமாக ஆடினால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கோட்டைத் தாண்டினால் காரணம் தேடுங்கள். புள்ளிகள் வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தால் போரிங் டூல் தேய்கிறது. தேயத் தேய போர் சிறுத்துக்கொண்டே வரும். அப்போது ஆஃப்செட் கொடுப்பது நியாயம்.

இந்தச் சார்ட்டில் டிராயிங்கின் டாலரன்ஸ் (அனுமதித்த அளவு வரம்பு) கோட்டை மட்டும் வரையாதீர்கள். சார்ட்டில் இருப்பது ஐந்து பீஸின் சராசரி, டாலரன்ஸோ தனித்தனி பீஸுக்கு. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். சராசரி வித்தியாசமான 0.010-ஐ, ஐந்து பீஸுக்கு அட்டவணையில் உள்ள 2.33 ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட 0.013. ஆக உங்கள் பீஸ்கள் 24.997-லிருந்து 25.023 வரை பரவும். 25 எச்7-க்கு அனுமதி 25.000 முதல் 25.021 வரைதான். சார்ட் சுத்தமாக இருக்கும், ஆனாலும் ஒன்றிரண்டு பீஸ் வெளியே விழும். இதற்கு ஆஃப்செட்டில் மருந்து இல்லை. புஷ் சுவர் மெலிசாக இருந்து மூன்று ஜா சக்கில் (மூன்று தாடைப் பிடிப்பானில்) இறுக்கிப் பிடிக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சக்கில் இருக்கும்போது வட்டமாக இருக்கும், கழற்றியதும் முக்கோணமாகும். அப்புறம் ஸ்பிண்டில் பேரிங். ஒரு விஷயம் விட்டுப்போனது: 0.01 மட்டுமே காட்டும் டயல் போர் கேஜை வைத்து இந்த வேலை நடக்காது. 0.001 காட்டுவது வேண்டும்.

ஓசூரில் டிரெய்னியாக இருக்கிறேன். எங்கள் குழு மீன்முள் படம் (ஒரு குறைக்கான காரணங்களை மீன் எலும்பு போல் கிளைகளாக எழுதும் படம்) வரைந்து நிறையக் காரணங்கள் எழுதிவிட்டது. அடுத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மணி, முதலில் 'கவனக்குறைவு', 'பயிற்சி போதாது' என்று எழுதிய முட்களை அடித்துவிடுங்கள். எல்லாப் படத்திலும் இவை இருக்கும், எதையும் சொல்லாது. ஜப்பானியத் தர நிபுணர் இஷிகாவா 1943-ல் கவாசாகி எஃகு ஆலையில் எஞ்சினியர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியது, பல காரணங்கள் எப்படிப் பின்னிக்கொண்டு இருக்கின்றன என்று விளக்கத்தான். முள் என்பது சந்தேகம், ஆதாரம் அல்ல. ஒவ்வொரு முள்ளுக்கும் 'இது உண்மையென்றால் எந்தக் கணக்கில் தெரியும்?' என்று கேளுங்கள். ஷிப்ட் காரணமென்றால் ஷிப்ட் வாரியாகப் பிரித்த கணக்கில் தெரிய வேண்டும். பதில் இல்லாத முள்ளை ஓரங்கட்டுங்கள். மூன்று நாலு மிஞ்சினால் போதும். ஆபரேட்டரை விட்டுவிட்டு வரைந்திருந்தால் மறுபடி வரைய வேண்டியதுதான்.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே?

டெமிங் பெயரில் ஜப்பானில் தரும் தர விருதை வாங்கியவற்றில் பெரிய கம்பெனிகள் நிறைய. சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் 1998-ல் வாங்கியது. ஆனால் இந்தக் கருவிகள் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஃபோர்மேனும் தொழிலாளியும் கையால் போட வந்தவை. கிராஃப் தாள், பென்சில், மெஷின் பக்கத்தில் ஒரு ஆணி போதும். முதலாளி அறையில் மட்டும் மாட்டாதீர்கள்.

சேலத்தில் ஜவ்வரிசி அரைக் கிலோ பாக்கெட் போடுகிறோம். நீங்கள் முன்பு சொன்னபடி ஒரு மாத எடைகளை ஹிஸ்டோகிராமாக (எந்த எடையில் எத்தனை பாக்கெட் என்று காட்டும் பட்டைப் படமாக) வரைந்து அனுப்பியிருக்கிறேன். 500 கிராமுக்குக் கீழ் ஒன்றுகூட இல்லை. சந்தோஷப்படலாமா?

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் படம் வலப்பக்கம் மெதுவாகச் சரிகிறது, இடப்பக்கம் 500-ல் செங்குத்தாக வெட்டியது போல நிற்கிறது. 500-க்கும் 501-க்கும் மட்டும் கோபுரம் மாதிரி உயரம். கையால் அள்ளிப் போடும் எடை இப்படி ஒரு பக்கம் மட்டும் அறுந்து நிற்காது. இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. குறைந்த பாக்கெட்டில் ஒரு கை ஜவ்வரிசி போட்டு ஏற்றியிருப்பார்கள், அது நல்லது. அல்லது 497-ஐ 500 என்று எழுதியிருப்பார்கள். யார் எழுதினார்கள் என்று விசாரணை வைக்காதீர்கள், வைத்தால் அடுத்த மாதப் படம் இன்னும் அழகாக வரும். ஒட்டிய பாக்கெட்டில் ஐம்பதை எடுத்து வேறு தராசில் நீங்களே எடை போடுங்கள், காலி கவரின் எடையைக் கழித்து.

ஐம்பதும் 500-க்கு மேல் வந்தால் ஏற்றிப் போடுகிறார்கள் என்று நம்பலாம். அப்புறம் சராசரியைப் பாருங்கள். அது 506 என்றால் ஆயிரம் பாக்கெட்டுக்கு 6 கிலோ ஜவ்வரிசி கணக்கில் வராமல் போய்க்கொண்டிருக்கிறது.