கரிசல் மண்ணு, உப்புத் தண்ணி, எட்டு ஆடு: வீட்டைச் சுத்தி என்ன செடி வைக்கலாம்?

கேள்வி: சார், அருப்புக்கோட்டை பக்கம் தோட்டத்துலயே புதுசா வீடு கட்டியிருக்கோம். வீடு போக சுத்தி ஒரு 6 சென்ட் சும்மா கெடக்கு. கரிசல் மண்ணு, போர் தண்ணி உப்பு, டெஸ்ட் பண்ணுனதுல இ.சி. (தண்ணியில உப்பு எவ்வளவுன்னு காட்டுற அளவு) 3.1 வந்துச்சு. ஆடு எட்டு, ஒரு கறவை மாடு இருக்கு. ரெண்டு பேரும் காட்டு வேலைக்குப் போயிடுவோம், செடியைப் பாக்க நேரம் கிடையாது. கார்டன் போடுற ஆளு முன்னாடி லான், ஓரத்துல இட்லிப்பூ, வாசல்ல அரேகா பாம், காம்பவுண்டு ஓரமா கோனோகார்ப்பஸ் வைக்கலாம், பராமரிப்பே தேவையில்லன்னு சொல்றாரு. வீட்டுல மல்லிப்பூ கேக்குறாங்க. ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணியை செடிக்கு விடலாமா? என்ன வைக்கலாம்னு சொல்லுங்க.

பதில்:

வணக்கம்ண்ணே. காசு குடுக்குறதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க, அதுவே நல்லது. அந்த லிஸ்ட்ல இருக்குற நாலுமே உங்க இடத்துக்கு ஆகாது. பராமரிப்பு தேவையில்லாத செடின்னு தனியா எதுவும் கெடையாது, மண்ணும் தண்ணியும் ஒத்துப் போனா அந்தச் செடிக்கு வேலை கம்மி, ஒத்துப் போகலன்னா எவ்வளவு பாத்தாலும் அது இழுத்துக்கிட்டேதான் கெடக்கும்.

மொதல்ல லான். கோடையில புல்லுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 5 மில்லிமீட்டர் தண்ணி வேணும்னு வைங்க, ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஒரு சென்ட்ங்குறது 40 சதுர மீட்டர், அப்ப ஒரு சென்ட் புல்லுக்கு மட்டும் தினம் 200 லிட்டர் போயிடும், அதுவும் இந்த உப்புத் தண்ணி, தெளிச்சா நுனி கருகும், வெட்டணும், கோரை புடுங்கணும். தண்ணி இல்லாத ஊர்ல அதை வைக்கச் சொல்றது எனக்கு மனசு ஒப்பலை. இட்லிப்பூ நல்ல செடிதான், ஆனா சுண்ணாம்பு ஜாஸ்தியா இருக்குற கரிசல்ல இரும்புச்சத்தை அதால எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், அதுக்கு மாசாமாசம் மருந்து வாங்கி அடிக்கணும். வீட்டு ஓரத்துல கட்டட வேலையில கொட்டுன சிமெண்ட், பூச்சு கலவை எல்லாம் கெடக்கும்ல, அங்க இன்னும் மோசம். அரேகா பாம் நிழலும் நல்ல தண்ணியும் கேக்குற செடி, உங்க வெயில்ல ஓலை நுனியெல்லாம் பழுப்பாயிரும்.

கோனோகார்ப்பஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்ண்ணே. வேகமா வளரும், பச்சையா இருக்கும், அதுல சந்தேகமில்ல. ஆனா அதோட மகரந்தம் மூச்சுத் தொந்தரவு, அலர்ஜி உண்டாக்குது, வேர் போயி பைப்பு, சாக்கடையெல்லாம் அடைக்குது. குஜராத்ல 2023லயே தடை பண்ணிட்டாங்க, நம்ம தமிழ்நாட்டுலயும் நடக்கூடாதுன்னு அரசு சொல்லியாச்சு. இன்னும் அதை ஒருத்தர் விக்குறாருன்னா அவர்கிட்ட வேற எதையும் யோசிச்சே வாங்குங்க.

அடுத்து அரளி. நீங்க கேக்கல, ஆனா நானே சொல்லிடுறேன், ஏன்னா லிஸ்ட்ல இருந்து இதையெல்லாம் எடுத்தா அடுத்து எல்லாரும் சொல்றது அரளிதான். நாலு வழிச்சாலை நடுவுல வரிசையா பூத்துக் கெடக்குறதைப் பாத்துட்டு நம்ம வீட்டுக்கும் வைக்கலாமேன்னு தோணும். வறட்சி தாங்கும், உப்பு தாங்கும், எல்லாம் உண்மை. ஆனா இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், காய்ஞ்ச இலையிலயும் விஷம் போகாது. கொஞ்சம் இலை தின்னாலே ஆடு, மாடு செத்துப் போகும், இருதயத்தைத்தான் தாக்கும். பச்சையில கசப்புன்னு ஆடு ஒதுக்கிடும்னு நினைப்பீங்க, வெட்டிப் போட்ட கிளை வாடிக் கெடக்கும்போது மத்த தழையோட சேத்து தின்னுடும். எட்டு ஆடும் ஒரு கறவையும் இருக்குற வீட்டுல அது வேண்டாம், அவ்வளவுதான்.

சரி, என்ன வைக்கலாம்? ஒரு வேலை பண்ணுங்க, உங்க காட்டு வரப்பு, கண்மாய்க் கரை, ஊரு மந்தை, இங்கெல்லாம் சித்திரை மாசத்துல யாரும் தண்ணி ஊத்தாம என்ன பச்சையா நிக்குதுன்னு பாருங்க. சீமைக்கருவேலை விட்டுருங்க. வேம்பு, புங்கன், பூவரசு, ஆவாரை, நொச்சி, இதுதான் கண்ணுல படும். உங்க வீட்டுக்கும் அதுலருந்துதான் எடுக்கணும். நர்சரியில தொட்டியில பளபளன்னு இருக்குறது செம்மண்ணும் நல்ல தண்ணியும் குடிச்சு வளந்தது, அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

மேற்குப் பக்கம் சாயந்தர வெயில் சுவத்துல அடிக்கும், அங்க ஒரு புங்கன். நல்ல அடர்த்தியான நிழல், உப்பும் தாங்கும். மாசி பங்குனியில இலை கொட்டும், உடனே துளுத்துடும், பூக்குறப்ப தரையெல்லாம் பூவா கெடக்கும், கூட்டித்தான் ஆகணும். கூட்டுனதை மரத்தடியிலயே போட்டுருங்க. இலையில சின்னச் சின்ன கொப்புளம் மாதிரி வரும், அது ஒரு வகை சிலந்திப்பேன் பண்ணுறது, பாக்க பயமா இருக்கும், மரத்துக்கு ஒண்ணும் ஆகாது, மருந்தெல்லாம் அடிச்சுராதீங்க.

ஆட்டுக் கொட்டாய் பக்கம் பூவரசு. மழை ஆரம்பிச்சதும் கட்டை விரலை விட கொஞ்சம் பெருசா போத்து வெட்டி நட்டாலே வந்துடும், காசு செலவே இல்ல. கடலோரத்துலயே வளர்ற மரம், உங்க 3.1 அதுக்கு பெரிய விஷயமில்ல. தழையை ஆட்டுக்கு ஒடிச்சுப் போடலாம், ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஆடு எட்டாத மாதிரி முள்ளு கட்டிருங்க.

வாசல்ல அழகா ஏதாவது வேணும்னா ஒரு மகிழம் வைங்க. மெதுவாத்தான் வளரும், பொறுமை வேணும். ஆனா எப்பவும் பச்சை, கவாத்து வேலை கெடையாது, பூ வாசம் சொல்லவே வேண்டாம்.

இங்க ஒரு முக்கியமான விஷயம். கரிசல்ல மரத்தை வீட்டை ஒட்டி வைக்கவே கூடாது. இந்த மண்ணு மழையில ஊதிப் பெருக்கும், கோடையில சுருங்கி வெடிக்கும். மரம் அஸ்திவாரத்துக்குப் பக்கத்துல இருந்தா அந்த ஒரு மூலை ஈரத்தை மட்டும் வேர் உறிஞ்சும், அந்தப் பக்கம் மண்ணு கூடுதலா சுருங்கும், சுவத்துல சாய்வா விரிசல் விழும். எல்லாரும் வேர் சுவத்தை முட்டித் தள்ளுதுன்னு நினைக்குறாங்க, கரிசல்ல பெரும்பாலும் ஈரம் போறதுதான் காரணம். அதனால வேம்பு, புங்கன், பூவரசு, வாசல் மகிழம் எல்லாம் குறைஞ்சது 20 அடி தள்ளி. செப்டிக் டேங்க்குக்கும் அதே கணக்கு. வீட்டுல இருந்து 20 அடிக்குள்ள சின்னச் செடி மட்டும்தான்.

சின்னச் செடியில எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆவாரை. நம்ம காட்டுச் செடிதானேன்னு எளக்காரமா பாக்காதீங்க, வரிசையா விட்டு வருஷம் ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டா குத்துச்செடியா அடர்ந்து மஞ்சளா பூத்து நிக்கும், பொங்கலுக்கு காப்பு கட்ட வெளிய தேட வேண்டாம். ஆணிவேர் ஆழமா போற செடி, பாக்கெட் நாத்து வாங்கி நட்டா நெறைய போயிடும். விதைதான் சரி. தோல் கெட்டியா இருக்கும், நல்லா சூடான தண்ணியில விதையைப் போட்டு அப்படியே ஆற விட்டு ஒரு ராத்திரி ஊற வைங்க, காலையில உப்பிப் போன விதையை மட்டும் எடுத்து ஒரு குழிக்கு மூணு நாலா மேலாக்க போடுங்க. ஆடும் அதுல அவ்வளவா வாய் வைக்காது.

காம்பவுண்டுக்கு வெளிய வேலியா நொச்சியும் ஆடாதொடையும் கலந்து குச்சி நட்டுருங்க, ரெண்டையும் ஆடு சீண்டாது. உள்பக்கம் கலரா வேணும்னா காகிதப்பூ, ஆனா அதோட இலையை ஆடு மேயும், அதனால கேட்டை சாத்தி வைக்கணும். காகிதப்பூவுக்கு தண்ணி நெறைய குடுத்தீங்கன்னா இலையா தள்ளும், பூவே வராது, காய விட்டாத்தான் பூக்கும். நந்தியாவட்டை ரெண்டு மூணு வைங்க, சாமிக்குப் பூ ஆச்சு. வடக்குப் பக்கம் நிழல்ல மருளும் சோத்துக் கத்தாழையும் போதும்.

மதினி கேட்ட மல்லிக்கு வர்றேன். உங்க பக்கமெல்லாம் மதுரை மல்லி விளையுற மண்ணுதான், ஆனா இந்த போர் தண்ணியில மல்லி சரியா வராது, கவாத்து, மொட்டுப்புழுன்னு வேலையும் உண்டு. ஆசைப்படுறாங்கன்னா ரெண்டே ரெண்டு செடி, அரிசி பருப்பு கழுவுற தண்ணி போற இடத்துல வைங்க, அந்தத் தண்ணி போர் தண்ணியா இல்லாம குடிதண்ணி குழாயில பிடிச்சதா இருக்கணும். சோப்புத் தண்ணி கலக்கக் கூடாது. சோப்புத் தண்ணிக்கு தனியா கல்வாழை வச்சு விடுங்க, அது குடிச்சுக்கும். ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணி எந்தச் செடிக்கும் வேண்டாம். போர் தண்ணியில இருந்த உப்பு பூராவும் அதுலதான் சேர்ந்து வருது, உங்க 3.1 அதுல இன்னும் ஏறிப் போயிருக்கும். வாசல் கழுவ, பாத்ரூமுக்கு ஊத்த வச்சுக்கங்க.

நடவு. இப்ப ஆவணி, குழியை இப்பவே எடுத்து ஆற விடுங்க, மரத்துக்கு ரெண்டடி நீளம் அகலம் ஆழம். கரிசல்ல நெறைய பேர் குழி நிறைய செம்மண்ணும் மணலும் கொட்டுறாங்க. சுத்தி களிமண்ணு, நடுவுல பொலபொலன்னு மண்ணு, அப்ப மழைத்தண்ணி பூரா அந்தக் குழிக்குள்ளயே எறங்கி நின்னு வேர் அழுகிடும். எடுத்த மண்ணையே மக்குன தொழுவுரம், ரெண்டு கை வேப்பம்புண்ணாக்கு கலந்து திருப்பிப் போடுங்க, தரை மட்டத்துக்கு மேல அரையடி மேடு கட்டி அது மேல நடுங்க. ஜிப்சம் போடலாமான்னு யாராவது சொல்லுவாங்க, மண்ணுல சோடியம் இருந்தாத்தான் அது பிரயோஜனம், அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்துல மண்ணைக் குடுத்து பாத்துட்டு போடுங்க.

புரட்டாசி கடைசியில நட்டுருங்க. உங்க மாவட்டத்துல வருஷ மழையில பாதிக்குப் பக்கம் வடகிழக்குப் பருவத்துலதான், ஐப்பசி கார்த்திகை மழையில வேர் புடிச்சுரும், உப்பும் கீழ எறங்கிடும். மாடித் தண்ணியையும் வீணாக்காதீங்க, 1000 சதுர அடி மாடியில ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 900 லிட்டருக்கு மேல வரும். பைப்பு போட்டு மரத்துப் பக்கம் வாய்க்கால்ல விடுங்க, அஸ்திவாரத்து ஓரமா மட்டும் தேங்க விடாதீங்க.

தை பொறந்ததும் மூடாக்கு போடணும். பருத்திமார், கடலைத்தொலி, மக்காச்சோளத் தட்டை, எது கெடைக்குதோ அரையடி கனத்துக்கு. தண்டை ஒட்டி போட்டா கரையான் ஏறும், நாலு விரல் தள்ளியே போடுங்க. மூடாக்கு இல்லாத கரிசல் பங்குனியில வாய் பொளக்கும், அந்த வெடிப்புல சின்ன வேரெல்லாம் அறுந்துடும்.

முதல் கோடையில வாரத்துக்கு ரெண்டு தடவை மரத்துக்கு ஒரு குடம், வேர்ல மட்டும் ஊத்துங்க, இலை மேல இந்தத் தண்ணி படக்கூடாது. ரெண்டாவது கோடையில பத்து நாளைக்கு ஒரு தடவை ரெண்டு குடம். தினம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனா வேர் மேலயே சுத்தும், உப்பும் மேலயே தங்கும். இந்த ரெண்டு கோடை மட்டும் யாராவது பாத்துத்தான் ஆகணும்ண்ணே, வேம்பா இருந்தாலும் சரி. மூணாவது வருஷத்துல இருந்து புங்கனும் பூவரசும் ஆவாரையும் உங்களைக் கேக்காது, மகிழத்துக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் கூடுதலா ஊத்துங்க.

நாத்துக்கு வனத்துறை நாற்றங்கால்ல இப்பவே கேட்டு வைங்க, மழை வந்த பெறகு போனா கெடைக்காது. புங்கன்ல ரெண்டடிக்கு மேல இருக்குற கன்னா பாத்து எடுங்க, பாக்கெட்டுக்கு அடியில வேர் சுருண்டு கெடந்தா வாங்காதீங்க.