மாற்றுக் கருவி இருந்தும் ஒளிபரப்பு நின்றது ஏன்?

கேள்வி: எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில், செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்பும் அப்லிங்க் டிஷ்ஷில் இரண்டு பி.யு.சி.கள் (சிக்னலின் அதிர்வெண்ணை உயர்த்தி, வலுவாக்கி அனுப்பும் கருவிகள்) உள்ளன. ஒன்று பழுதானால் மற்றொன்று தானாக வேலைக்கு வரும் என்றார்கள். சென்ற வாரம் முதல் கருவி நின்றபோது இரண்டாவது வரவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடும் கன்ட்ரோலரையே புதிதாக வாங்க வேண்டும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கன்ட்ரோலரின் முகப்பில் எரிவது 'ஆட்டோ' விளக்கா, 'மேனுவல்' விளக்கா என்று முதலில் பாருங்கள். பராமரிப்புக்கு வருபவர்கள் 'மேனுவல்' நிலையில் வேலை பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போவதைப் பல நிலையங்களில் கண்டிருக்கிறேன். ஓரிடத்தில் அந்தப் பொத்தானின்மேல் 'தொடாதீர்கள்' என்று ஒட்டியிருந்த காகிதம் பழுப்பேறியே போயிருந்தது.

இரண்டு கருவிகளும் எப்போதும் மின்சாரம் பெற்றுக்கொண்டிருக்கும். அவற்றின் வெளியீடுகள் நான்கு வாய் கொண்ட ஒரு வேவ்கைடு (சிக்னலைக் கடத்தும் உலோகக் குழாய்) சுவிட்சில் சேர்கின்றன; ஒன்று டிஷ்ஷுக்கும், மற்றொன்று ஆற்றலை வெப்பமாக்கி விழுங்கும் டம்மி லோடுக்கும் இணைந்திருக்கும். கன்ட்ரோலருக்கு உங்கள் படம் தெரியாது, ஒவ்வொரு பி.யு.சி.யிலிருந்தும் வரும் அலாரம் கம்பியை மட்டுமே அது கவனிக்கிறது. மின்வழங்கி நின்றாலோ, சூடு மிஞ்சினாலோ, அதிர்வெண்ணை நிலையாகப் பிடித்துவைக்கும் பூட்டு விட்டுப்போனாலோ அலாரம் எழும். ஒரு நொடிக்குள் சுவிட்ச் திரும்பிவிடும். ரிசீவர்கள் சிக்னலை மீண்டும் பிடிக்கச் சில நொடிகள் கூடுதலாக ஆகலாம். மாற்றுக் கருவியே அலாரத்தில் இருந்தால் மட்டும் கன்ட்ரோலர் மாற்றாது. கனெக்டரில் நீர் புகுந்து அது மாதக்கணக்கில் செத்துக் கிடந்திருக்கலாம்.

இரண்டு பி.யு.சி.களையும் ஒரே யூ.பி.எஸ்.ஸில் இணைத்துவிட்டு 'முழுப் பாதுகாப்பு' என்று விலை பேசும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்த யூ.பி.எஸ். நின்றால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். டெண்டரில் 'மாற்று வசதி உண்டு' என்று எழுதி, ஏற்புச் சோதனையில் விளக்கு எரிவதை மட்டும் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

செயற்கைக்கோளிலிருந்து சிக்னலை வாங்கும் பக்கத்தில், வந்த மெல்லிய சிக்னலைப் பெருக்கும் எல்.என்.பி. என்ற கருவிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதில் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் அலாரத்தை அல்ல, எல்.என்.பி. இழுக்கும் மின்னோட்டத்தையே அளக்கின்றன. மின்னோட்டம் கூடினாலோ குறைந்தாலோ மாற்றும். ஆனால் மின்னோட்டம் சரியாக இருந்து பெருக்கம் மட்டும் தேய்ந்துபோனால், படம் கட்டம் கட்டமாகச் சிதறினாலும் மாற்றாது. அப்போது நீங்களே கையால் மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றியும் சிதறல் நீடித்தால் குற்றம் எல்.என்.பி.யில் இல்லை; கனமழையையோ, மார்ச் மாதத்திலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து தன் இரைச்சலால் சிக்னலை மறைக்கும் நிமிடங்களையோ எந்த மாற்றுக் கருவியும் தடுக்காது.

நேயர் குறைவான நள்ளிரவில், செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு மையத்திடம் சொல்லிவிட்டு, 'ஆட்டோ' நிலையில் முதல் பி.யு.சி.யின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது வந்துவிட்டால் கன்ட்ரோலர் நலமாகவே இருக்கிறது. வராவிட்டால் அலாரம் கம்பியையும் சுவிட்ச் மோட்டாரையும் சோதித்த பிறகே விற்பனையாளரிடம் பேசுங்கள்.