ஆள்காட்டி முட்டையை இடம் மாற்றலாமா?

வணக்கம் அண்ணா,
வீடு கட்ட வாங்கிப்போட்ட மனையில், ஜல்லி கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் நாலு முட்டை கிடக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். ஆள்காட்டிக் குருவி என்கிறார்கள். யார் போனாலும் தலைக்கு மேலே பறந்து கத்துகிறது. ராத்திரியிலும் கத்துவதால் அம்மா சகுனம் சரியில்லை என்கிறார். அடுத்த வாரம் அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி வருகிறது. முட்டைகளைக் கூடையில் மண் போட்டு வைத்து, வேப்பமர நிழலுக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், தாராபுரம்

அன்புள்ள தம்பி,

மாற்ற வேண்டாம். கையே வைக்க வேண்டாம்.

படத்தில் இருப்பது சிவப்பு மூக்கு ஆள்காட்டிதான். தலையும் நெஞ்சும் கறுப்பு, கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை மடிப்பு, நுனி மட்டும் கறுத்த சிவப்பு அலகு, நீளமான மஞ்சள் கால். அந்தச் சதை மடிப்பும் மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் மூக்கு ஆள்காட்டி, இன்னும் வறண்ட பொட்டலில் இருப்பது. உங்களுடையது குளத்தங்கரை, வயல் ஓரம் என்று நீர்ப்பக்கம் நடந்து பூச்சி பொறுக்குகிற பறவை. ஆனால் முட்டையிட மேடான வெறுந்தரைக்கு வந்துவிடும், சில சமயம் மொட்டைமாடிக்கும் ரயில் பாதை ஜல்லிக்கும்கூட.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாலு முட்டையின் கூர்முனையும் உள்பக்கம் பார்த்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது, சுற்றிலும் சின்னக் கல்லும் ஆட்டுப் புழுக்கையும். மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகள் இருப்பதால் ஓரடி தள்ளி நின்றாலே அவை ஜல்லியோடு ஜல்லியாகிவிடும். அந்த மறைப்பும், நாலு பக்கமும் தடையில்லாமல் தெரிகிற வெட்டவெளியும்தான் அதற்குக் காவல். வேப்பமரத்தடியில் இரண்டுமே கிடையாது, மேலே காக்கை வேறு உட்கார்ந்திருக்கும். அதோடு, இடம் மாறிய முட்டையைத் தாய்ப்பறவை தேடி வந்து அடைகாக்கும் என்று நம்ப முடியாது.

வெயிலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், நியாயம்தான். ஆனால் அதற்கு அந்தப் பறவைகளிடமே வழி இருக்கிறது. உச்சிவெயிலில் முட்டைக்கு மேலே நின்று நிழல் கொடுக்கும், தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து குளிர்விக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி இதைச் செய்கின்றன. அந்த நேரத்தில் நாம் போய் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் பறவை எழுந்துவிடும், முட்டை வெந்துபோகும். தினமும் போய்ப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள், காக்கைக்கும் நாம்தான் இடம் காட்டிக்கொடுக்கிறோம்.

அடைகாக்கும் காலம் சுமார் 28 முதல் 30 நாள். எப்போது இட்டது என்று தெரியாததால் அதிகபட்சம் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் முடங்கும், மேஸ்திரி கோபப்படுவார், எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன், அஸ்திவாரத்தைத் தள்ளிப்போடுங்கள். அதுவரை போர்வெல், கம்பி வளைப்பது போன்ற வேலையை மனையின் அந்தக் கோடியில் வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கம் வண்டி வராமல் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினால் போதும், ஆனால் முட்டையை ஒட்டி நட வேண்டாம், நன்றாகத் தள்ளி.

அம்மாவிடம் சொல்லுங்கள், இது இரவிலும் இரை தேடுகிற பறவை. நாயோ கீரியோ வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் கத்தும், அதில் சகுனம் எதுவும் இல்லை.

அப்புறம், குஞ்சுகள் பொரித்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நடந்து பெற்றோர் பின்னால் போய்விடும். உங்கள் மனையும் காலியாகிவிடும். ஆனால் சில நாள் அக்கம்பக்கத்திலேயே திரியும், பெற்றோர் எச்சரித்துக் கத்தினால் ஓடாமல் தரையோடு படுத்துக்கொள்ளும். அதனால் அந்த நாட்களில் வண்டியை எடுக்கும் முன் டயருக்கு முன்னும் பின்னும் குனிந்து பார்க்கும்படி டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.