ஒரேகன் மாநிலத்தின் 2019 வீட்டுச் சட்டம் எதைச் சொல்கிறது?

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் ‘கீழவை மசோதா 2001’ (2001 என்பது மசோதாவின் எண், ஆண்டு அல்ல) என்ற பெயரில் 2019-இல் நிறைவேறிய சட்டம், ஒரு மனையில் ஒரே ஒரு தனி வீடுதான் கட்டலாம் என்று நகராட்சிகள் வைத்திருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 10,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில், தனி வீடு கட்டத் தகுந்த மனைகளில் இரட்டை வீட்டுக்கும் இடம் தர வேண்டும். 25,000 பேருக்கு மேற்பட்ட நகரங்களில் குடியிருப்புப் பகுதிகளில் ஒரு மனையில் நான்கு வீடுகள் வரை அனுமதிக்க வேண்டும்.

காரணம் நிலத்தின் விலையில் இருக்கிறது. 1973-இல் இயற்றிய ஒரு சட்டத்தின் அடிப்படையில் அந்த மாநிலம் ஒவ்வொரு நகரத்தைச் சுற்றியும் எல்லைக்கோடு வகுத்து விளைநிலங்களைக் காத்து வருவதால் (அது நல்ல ஏற்பாடு என்பதே என் கருத்து), கோட்டுக்குள் இருக்கும் நிலத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தியே ஆக வேண்டும். மனையின் விலை முழுவதையும் ஒரு குடும்பமே சுமந்தால் ஆசிரியரும் செவிலியரும் அங்கே குடியேறவே முடியாது; அதே மனையில் நான்கு வீடுகள் எழுந்தால், ஒவ்வொரு வீட்டின் மீதும் நிலவிலையில் கால்பங்குதான் விழும்.

சந்தையில் பலாப்பழத்தை முழுதாக மட்டுமே விற்க வேண்டும், சுளையாக விற்கக்கூடாது என்று விதித்தால், கையில் சில்லறை மட்டும் வைத்திருப்பவர் வெறுங்கையுடன்தான் திரும்புவார். பழைய விதி வீட்டு விஷயத்தில் அதைத்தான் செய்தது.

தனி வீடுகளை இந்தச் சட்டம் தடை செய்துவிட்டது என்று பலர் நினைப்பது தவறு. விரும்புபவர் இன்றும் தம் மனையில் தனி வீடே கட்டிக்கொள்ளலாம்.