பழைய மனநோயாளிப் படங்களில் முகத்தைப் பார்த்து நோயைச் சொல்ல முடியுமா?

கேள்வி: 19ஆம் நூற்றாண்டில் மனநல விடுதிகளில் எடுத்த புகைப்படங்களும் வரைந்த ஓவியங்களும் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. முகத்தைப் பார்த்தாலே நோய் தெரிவதுபோல் இருக்கிறது. உண்மையிலேயே தெரியுமா? இந்தப் படங்களை எப்படிப் பார்க்க வேண்டும்?

பதில்:

தெரியாது. தெரிவதாக நமக்குத் தோன்றுவதில் பெரும்பங்கு மூன்று இடங்களிலிருந்து வருகிறது: படத்தின் கீழே எழுதிய வரி, அந்தக் காலத்துக் கேமராவின் வேதியியல், படத்தை அமைத்தவர் மனத்தில் முன்பே இருந்த வேறொரு படம். இந்த மூன்றையும் கழித்துவிட்டால்தான் அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒரு மனிதராகக் கண்ணுக்குப் படுவார். அதற்காகவாவது கழித்துப் பார்க்க வேண்டும்.

வேதியியலிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் படங்களைப் பகிர்பவர்கள் அதை அநேகமாகச் சொல்வதே இல்லை.

லண்டனை ஒட்டிய சர்ரே கவுண்டி மனநல விடுதியில் 1848 முதல் 1858 வரை பெண்கள் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் ஹ்யூ வெல்ச் டைமண்ட். மனநோயாளிகளை முறையாகப் புகைப்படம் எடுத்த முதல் மருத்துவர்களில் ஒருவர். 1856இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில் இதற்கு மூன்று பயன்கள் சொன்னார்: நோயின் முகக்குறிகளைப் பதிவுசெய்து ஆராயலாம், நோயாளிக்கே அவர் படத்தைக் காட்டிச் சிகிச்சைக்குத் துணையாக்கலாம், குணமாகிப் போனவர் திரும்பி வந்தால் அடையாளம் காணலாம்.

அக்காலத்தில் பரவியிருந்தது ஈரக் கொலோடியன் முறை. 1851இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்டது. நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சை ஈத்தரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் பாகுபோல ஒரு திரவம் வரும், அதுதான் கொலோடியன். அதில் அயோடைடு உப்பைச் சேர்த்து, துடைத்த கண்ணாடித் தகட்டின்மேல் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தைப் புட்டியில் வடிப்பார்கள். படலம் கெட்டிப்படும் தறுவாயில், இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் சில நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து ஒளிபடவிட்டு, உடனே உருத்துலக்க வேண்டும். தாமதித்தால் படலம் உலர்ந்து ஒளியுணர்வு போய்விடும். ஓரங்களில் கறையும் கோடும் விழும். அறைக்குள் ஒளிபடும் நேரம் பல வினாடிகள். மேகமூட்டம் என்றால் இன்னும் கூடும்.

இதனால் என்ன ஆகிறது? அசைந்தவர் முகம் கலங்கிப்போகும். ஆகவே கொந்தளிப்பின் உச்சத்தில் இருப்பவரை எடுக்கவே முடியாது. ‘கடும் வெறி’ என்று தலைப்பிட்ட படத்தில் இருப்பவரும் அந்தச் சில வினாடிகள் சொன்னபடி அசையாமல் இருந்தவர்தான். அசையாமல் இருக்க, கண்ணை ஒரே புள்ளியில் நிறுத்த வேண்டும், பார்வை வெறிக்கும். அதே ஆண்டுகளில் எடுத்த நீதிபதிகள், வணிகர்கள் படங்களிலும் இதே பார்வை இருக்கிறது. அங்கே அதைக் கம்பீரம் என்கிறோம்.

நிறமும் இதில் சேர்கிறது. கொலோடியன் நீலத்துக்கும் புற ஊதாவுக்கும்தான் நன்றாக உணர்வு காட்டும். சிவப்பு அதற்குத் தெரியாது. நீலக் கண் வெளுத்து, நடுவில் பாவை மட்டும் புள்ளியாக நிற்கும். கன்னத்துச் சிவப்பும் வெயில் பட்ட செம்புள்ளிகளும் அழுக்குப்போலக் கறுக்கும். வெளிறிய கண்ணையும் கறைபட்ட தோலையும் நோயின் களை என்று நாம் படிக்கிறோம். அது சில்வர் அயோடைடின் குணம். தலை ஆடாமலிருக்க நாற்காலிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பதும் அன்றைய ஸ்டுடியோ வழக்கம். கழுத்து விறைப்பாக இருந்தால் காலடிக்குப் பின்னால் தாங்கியின் அடித்தட்டு தெரிகிறதா என்று தேடுங்கள்.

இனி அமைப்பு. டைமண்டின் ஒரு படத்தில் இளம்பெண் ஒருவரின் தலையில் இலைமாலை, தோளில் கறுப்புத் துணி. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மனம் பேதலிக்கும் ஒஃபீலியாவை மேடையிலும் ஓவியத்திலும் பார்த்துப் பழகிய கண் அமைத்தது அது. பிரசவத்துக்குப் பின் மனநிலை குலைந்த ஒரு பெண்ணை நான்கு கட்டங்களாகக் காட்டும் வரிசையும் உண்டு. கடைசிக் கட்டத்தில் குணமானதைச் சொல்வது வெளியே கிளம்பும் உடையும் தொப்பியும்தான். அவற்றை விரலால் மறைத்துவிட்டு முகத்தை மட்டும் மூன்றாவது படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவற்றில் பல வாசகரை அடைந்தது புகைப்படமாக அல்ல. எழுத்தோடு சேர்த்துப் புகைப்படத்தை அச்சிடும் புள்ளி அச்சு முறை அப்போது வரவில்லை. 1858இல் டாக்டர் ஜான் கொனொலி ஒரு மருத்துவ இதழில் எழுதிய தொடர் கட்டுரைகளுக்காக ஓவியர் ஒருவர் டைமண்டின் படங்களைப் பார்த்து அச்சுக்கல்லில் வரைந்தார். வரைபவர் கை பட்டால் புருவக் கோடு ஆழமாகும், பின்னணி காணாமல் போகும். டார்வின் 1872இல் வெளியிட்ட உணர்ச்சிகள் பற்றிய நூலில், பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் எடுத்த ‘அச்சம்’ படத்தைச் செதுக்கும்போது, முகத்தில் மின்சாரம் பாய்ச்சிய கருவிகளும் அதைப் பிடித்த கையும் நீக்கப்பட்டன. மின்தூண்டலால் சுருங்கிய தசை இயல்பான அச்சமாக அச்சேறியது. ஆகவே கையிலுள்ளது புகைப்படமா, அதைப் பார்த்து வரைந்ததா என்பதை முதலில் பாருங்கள். பெரிதாக்கினால் கோடுகளும் பொடிப்புள்ளிகளும் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனை. இணையத்தில் ‘ஹிஸ்டீரியா’ (உடற்காரணம் தெரியாத வலிப்பு போன்றவற்றுக்கு அன்று வைத்த பெயர்) என்று தேடினால் வரும் படங்களில் பெரும்பாலானவை இங்கே எடுத்தவை. நரம்பியல் மருத்துவர் ழான் மார்த்தேன் ஷார்க்கோவின் தலைமையில் பூர்ன்வீல் எழுத, ரெஞ்ஞார் படம் எடுக்க, 1876க்கும் 1880க்கும் இடையே மூன்று தொகுதிகள் வெளிவந்தன. மருத்துவமனைக்குள்ளேயே ஸ்டுடியோ: மேடை, கட்டில், பல நிறத் திரைகள், தலைத்தாங்கி, நிற்க முடியாதவரைத் தூக்கி நிறுத்த ஓர் இரும்புச் சட்டம்.

ஷார்க்கோ ஹிஸ்டீரியா வலிப்பை நான்கு கட்டமாகப் பிரித்தார்: காக்காய்வலிப்பு போன்ற கட்டம், உடல் வில்லாய் வளையும் கட்டம், உணர்ச்சிப் பாவனைகளின் கட்டம், பிதற்றல் கட்டம். மிகவும் புகழ்பெற்ற படங்கள் மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்தவை. காரணம் எளிது. துடிக்கும் உடல் தகட்டில் கலங்கும். கைகூப்பி அண்ணாந்து பார்க்கும் உடல் தெளிவாக விழும். திடீர் ஒளி, சேகண்டி ஒலி ஆகியவற்றால் உண்டாக்கிய விறைப்பு நிலையில் கையை எப்படி வைத்தாலும் அப்படியே நிற்கும். கேமராவுக்கு அதைவிட வசதி எது? எதைப் படமெடுக்க முடிந்ததோ அதுவே நோயின் முகமாக நிலைபெற்றது.

‘பரவசம்’, ‘வேண்டுதல்’ என்ற தலைப்புகளில் திரும்பத் திரும்ப வரும் இளம்பெண் அகஸ்தீன். 1875இல் சேர்க்கப்பட்டபோது அவளுக்கு 15 வயது நிறையவில்லை. 13 வயதில் அவள் பாலியல் வன்முறைக்கு ஆளானதை அதே தொகுதி பதிவு செய்திருக்கிறது. பிதற்றல் என்று குறித்த அவள் சொற்களில் அந்தச் சம்பவம் வருகிறது. அதைப் படித்துவிட்டு ‘வேண்டுதல்’ படத்தைப் பார்ப்பது வேறு, வெறும் தலைப்போடு பார்ப்பது வேறு. இணையத்தில் படம் மட்டும்தான் சுற்றுகிறது என்பது எனக்குப் பொறுக்காத விஷயம். 1880இல் அவள் ஆண் உடை அணிந்து மருத்துவமனையிலிருந்து தப்பிப் போனாள்.

ஆந்த்ரே ப்ரூயே 1887இல் வரைந்த ‘சல்பெத்ரியேரில் ஒரு மருத்துவப் பாடம்’ ஓவியத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 2.9 மீட்டர் உயரம், 4.3 மீட்டர் அகலம். ஷார்க்கோ பேசுகிறார், பிளான்ஷ் விட்மன் என்ற நோயாளி பின்னால் சாய்கிறார், டாக்டர் பாபின்ஸ்கி தாங்குகிறார். எல்லோரும் நடுவைப் பார்ப்பார்கள். நீங்கள் இடக்கோடிக்குப் போங்கள். உடல் வில்லாய் வளைந்த பெண்ணைக் காட்டும் பெரிய சித்திரம் அங்கே சுவரில் தொங்குகிறது. பொல் ரிஷே வரைந்தது. அது பிளான்ஷுக்கு எதிரே, அவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது. அடுத்து உடல் எப்படி வளைய வேண்டும் என்பது சுவரிலேயே மாட்டியிருக்கிறது. ப்ரூயே இதை விமர்சனமாக வரைந்தாரோ இல்லையோ, படத்துக்குள் சாட்சி இருக்கிறது. 1893இல் ஷார்க்கோ இறந்தபின் இந்தப் பெரிய வலிப்புகள் மங்கிப்போயின. ஓவியத்தில் பிளான்ஷைத் தாங்கி நிற்கும் அதே பாபின்ஸ்கி, ஹிஸ்டீரியா என்பது பிறர் தூண்டுதலால் உண்டாகி அறிவுறுத்தலால் நீங்குவது என்று 1901இல் மறுவரையறை செய்தார். இதனால் அந்தப் பெண்கள் நடித்தார்கள் என்று ஆகிவிடாது. துன்பம் உண்மை, அது எந்த வடிவில் வெளிப்பட வேண்டும் என்பதை அந்த இடம் கற்றுக்கொடுத்தது.

ஓவியங்களில் சிக்கல் பெரும்பாலும் தலைப்பில்தான். 1820ஐ ஒட்டி பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ வரைந்த ஐந்து முகங்கள் ‘சூதாட்ட வெறி’, ‘பொறாமை’, ‘திருட்டு வெறி’ என்று இன்று அழைக்கப்படுகின்றன. ஓவியர் இறந்தது 1824இல். இந்த ஐந்தும் வெளிச்சத்துக்கு வந்தது 1863இல். பெயர்கள் அப்போது வந்தவை. தலைப்பை மறைத்துவிட்டு எது சூதாட்டம், எது திருட்டு என்று நான்கு பேரைக் கேட்டுப் பாருங்கள். நோயாளிகளின் சங்கிலியை அவிழ்க்கும் மருத்துவர் பினெலை 1876இல் ராபேர் ஃப்ளூரி வரைந்த புகழ்பெற்ற ஓவியமும் நடந்து 80 ஆண்டு கழித்து வரைந்த கற்பனைதான். பிசேத்ர் விடுதியில் சங்கிலியை நீக்கிய காரியத்தில் முன்நின்றவர் அங்கே கண்காணிப்பாளராக இருந்த புஸ்ஸேன்.

இன்றும் பாடப்புத்தகத் தோரணையில் பரவுவது ஆங்கில ஓவியர் லூயி வெய்னின் பூனைப் படங்கள். சாதாரணப் பூனை படிப்படியாக வண்ணக்கோலமாகச் சிதறும் வரிசை. ‘மனச்சிதைவு முற்றுவதைப் பாருங்கள்’ என்று எழுதியிருக்கும். அந்த வரிசையை அமைத்தவர் வெய்ன் அல்ல. டாக்டர் வால்டர் மெக்லே 1939இல் ஒரு கடையில் இந்தப் படங்களை வாங்கி, நோய் முற்றுவதாகத் தான் நினைத்தபடி அடுக்கினார். படங்களில் தேதி இல்லை. வெய்ன் விடுதியில் இருந்த கடைசி ஆண்டுகளிலும் வழக்கமான பூனைகளை வரைந்துகொண்டிருந்தார். தேதியில்லாத படங்களை நோயின் போக்காக அடுக்கினால் எந்த ஓவியரையும் நோயாளியாக்கிவிடலாம். 1924இல் வெய்னைச் சேர்த்த ஸ்பிரிங்ஃபீல்டு மருத்துவமனை, டைமண்ட் படமெடுத்த அதே சர்ரே விடுதிதான்.

இத்தனை சொன்னபின், மனநல விடுதிகளில் எடுத்த படங்களே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். நோயைக் காட்டுவதாகச் சொல்லும் படங்களைவிட, இடத்தைக் காட்டும் படங்கள் எனக்கு நம்பகமானவை. பிலடெல்பியாவின் பைபெரி மருத்துவமனையில் பணியாளராக இருந்த சார்ல்ஸ் லார்ட் கேமராவை மறைத்து எடுத்துச் சென்று எடுத்த படங்கள் 1946 மே மாதம் ‘லைஃப்’ இதழில் வந்தன. உடையில்லாமல் வெறுந்தரையில் சுவரோரம் குந்தியிருக்கும் ஆண்கள். அங்கே படிக்க வேண்டியது முகத்தை அல்ல. துணி, தரை, வடிகால், கட்டில்களுக்கிடையே இடைவெளி, படத்தில் பணியாளர் இருக்கிறாரா என்பவற்றை. கார்லா செராத்தியும் ஜான்னி பெரெங்கோ கார்தினும் இத்தாலிய விடுதிகளில் எடுத்த படங்களை 1969இல் டாக்டர் ஃபிராங்கோ பசாலியாவும் அவர் மனைவி ஃபிராங்கா ஒங்காரோவும் நூலாக்கினார்கள். கட்டிய கை, மொட்டை அடித்த தலை, கம்பி. 1978இல் இத்தாலி இந்த விடுதிகளைப் படிப்படியாக மூடச் சட்டம் இயற்றியதற்கு முன்னால் மக்கள் மனத்தை அசைத்தவற்றில் அந்த நூலும் ஒன்று.

ஆனாலும் லார்டின் படங்களில் இருந்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்தக் கணக்கு தீராமலேயே இருக்கிறது. நம் ஊரில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் 28 பேர் இறந்தார்கள்; சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்ப முடியவில்லை. அதன்பின் சங்கிலிப் படங்கள் தேவைப்பட்டன என்பதை மறுக்க மாட்டேன். சங்கிலியைக் காட்ட முகம் தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன்: கணுக்கால், பூட்டு, தூண் போதும்.

நீங்கள் கட்டுரைக்கோ வலைப்பதிவுக்கோ படம் தேடுபவர் என்றால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தையோ வேறு தகவலையோ அவருடைய ஒப்புதல் இல்லாமல் ஊடகங்களுக்குத் தரக் கூடாது. மின்னணு வடிவில் சேமித்த தகவலுக்கும் இந்த இரகசியக் காப்பு உரிமை உண்டு. ‘வார்டுக்குப் பொறுப்பானவர் சரி என்றார்’, ‘அண்ணன் கையெழுத்துப் போட்டார்’ என்பவை அந்த ஒப்புதலுக்கு ஈடாகா. நோய் கடுமையாக இருக்கும்போது வாங்கிய ஒப்புதலை, தெளிந்தபின் படத்தைக் கையில் கொடுத்து, எங்கே எந்தத் தலைப்போடு வரும் என்று சொல்லி, மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் கோப்பை அழித்துவிடுங்கள். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். தெருக்காரர்கள் சட்டையையும் வாசலையும் வைத்தே அடையாளம் கண்டுகொள்வார்கள்.